பாரிசில் எடுத்த ஆறு படங்கள்

பூனை வளர்க்கிறீர்களா என்று டொக்டர் கேட்டதும் நித்தியானந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி விமலாதேவி ஒரு கண்ணை மூட முடியாமல், வாய் ஒரு பக்கம் இழுத்தபடி கட்டிலில் கிடக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்து பன்னிரண்டு நாள். இன்னும் என்ன வருத்தம் என்று சொல்ல வக்கில்லை. பூனையை விசாரிக்கிறார்கள்.

"இல்லையாம் எண்டு சொல்லு," என்றார் மகளிடம். "எலியும் வளர்க்கேல்லையாம் எண்டு சேர்த்துச் சொல்லு."

மகள் அஜந்தினி முதல் பாதியை மட்டும் டேனிஷில் சொன்னாள்.

டொக்டர் எழுதிக்கொண்டார். ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண். பெயர் மெட்டே. இந்த நாட்டில் டொக்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கிருமிகளால் வரும் வருத்தங்களுக்கு அவர்தான் அங்கே பெரியவராம். அவர் மடியில் நாலு பக்கம் கேள்வி இருந்தது.

புறா எச்சம் கூட்டினாவா? காய்ச்சாத பாலில் செய்த சீஸ் சாப்பிட்டாவா? பூச்சாடிக்கு மண் மாற்றினாவா? அரைவேக்காட்டு இறைச்சி?

"அரைவேக்காட்டிலை தின்ன நாங்கள் என்ன நரியோ? என்ரை மனிசி கோழியை ரெண்டு மணித்தியாலம் அவிப்பாள். எலும்பே கரைஞ்சிடும்."

"அப்பா, நேராப் பதில் சொல்லுங்கோ. அவ சும்மா கேக்கேல்லை."

சும்மா கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒன்றேகால் வருசத்துக்கு முன் அஜந்தினி தன் கிட்னி ஒன்றைத் தாய்க்குக் கொடுத்தாள். வந்த கிட்னியை உடம்பு வேற்றாள் என்று நினைத்து விரட்டாமல் இருக்க விமலாதேவி நாளுக்கு இரண்டு தரம் குளிசை போடுகிறாள். அந்தக் குளிசைகள் உடம்பின் காவல்காரரைத் தூங்க வைப்பவை. காவல்காரர் தூங்கினால் கிட்னி பிழைக்கும். ஆனால் மற்றவர்களுக்குத் தடிமனைக்கூடத் தராத கிருமி அவள் உடம்பில் குடியேறி மூளைவரை போய்விடும். தலையை ஸ்கான் செய்த படத்தில் மூளையின் அடித்தண்டில் மூன்று வெள்ளை வளையம் தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். இரத்தம் போத்தல் போத்தலாக எடுத்தார்கள். காசநோய் இல்லை, பூஞ்சணம் இல்லை, பூனையால் வருவது இல்லை, சீஸால் வருவது இல்லை. இல்லை இல்லை என்று சொல்லத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. மூன்று விதமான கிருமி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இருட்டில் கல்லெறிகிற மாதிரி.

"கடைசிக் கேள்வி," என்றார் மெட்டே. "போன ஒரு வருசத்தில் வெளிநாடு எங்கேயும் போனாவா?"

இருபத்திரண்டு வருசம் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தவர் நித்தியானந்தன். டேனிஷ் விளங்கும். பேசத்தான் வாய் வளையாது. இந்தக் கேள்வி நன்றாகவே விளங்கியது. ஆனால் அஜந்தினி அதைத் தமிழில் திருப்பவேயில்லை. தனக்குத் தெரிந்ததுதானே என்று அவளே பதில் சொன்னாள்.

"பாரிசுக்கு மட்டும். நவம்பரில். மூன்று கிழமை, சித்தப்பா வீட்டில்."

மெட்டே எழுதினார். நித்தியானந்தன் யன்னலைப் பார்த்தார். வெளியே மாசி மாதத்து ஈரப் பனி கார்களின் மேல் அழுக்காகக் கிடந்தது. என்னைக் கேட்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கட்டிலில் விமலாதேவி முனகினாள். "சேறு... கால் வழுக்குது, பிடியுங்கோ."

"அம்மா, ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரியிலை இருக்கிறியள்," என்று அஜந்தினி அவள் கையைத் தடவினாள். பிறகு மெட்டேயிடம், "குழம்பிப்போய்ப் பேசுகிறா," என்றாள்.

அதையும் மெட்டே எழுதிக்கொண்டார்.

*

உண்மை இதுதான். பாரிசில் அவர்கள் நின்றது இரண்டு நாள். மிச்சம் பத்தொன்பது நாளும் யாழ்ப்பாணத்தில்.

கிட்னி வைத்தபின் ஆஸ்பத்திரி தெளிவாகச் சொன்னது: டொக்டரைக் கேளாமல் வெப்ப நாடுகளுக்குப் போகக்கூடாது. அஜந்தினி அதை இன்னும் இறுக்கினாள். "ஊர்ப்பக்கம் நினைச்சும் பாக்காதையுங்கோ. நான் வெட்டித் தந்தது உங்களுக்கு விளையாட இல்லை." ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பெரிய களஞ்சியத்தின் கந்தோரில் வேலை செய்கிறவள், கதையும் பட்டியல் போட்ட மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் விமலாதேவிக்கு ஒரு நேர்த்தி இருந்தது. மகளை ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போன காலையில் வைத்த நேர்த்தி. ஊர் அம்மன் கோயில் வீதியில் அடியழிக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். அடியழிப்பது என்றால், முழங்கால் மடித்து, நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிட்டு, நெற்றி பட்ட இடத்தில் கால் வைத்து எழும்பி, திரும்ப விழ வேண்டும். அப்படியே கோயிலைச் சுற்றி முடிக்க வேண்டும். ஆண்கள் உருளுவார்கள்; பெண்கள் இப்படி.

நாங்கள் இருக்கிற பிராண்டேயிலும் அம்மன் இருக்கிறாதானே, அங்கே செய் என்று நித்தியானந்தன் சொல்லிப் பார்த்தார். "அந்த அம்மனிட்டை வைக்கேல்லையே. ஒராளிட்டைக் கடன்பட்டுப்போட்டு இன்னொராளிட்டைக் குடுக்கிறதோ?" என்றாள்.

சரி, களவாகப் போவோம் என்று தீர்மானித்தவர் அவர்தான். பாரிசில் இருக்கும் தம்பியையும் கூட்டுச் சேர்த்தார். இரண்டு நாளில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவிலும் தம்பியின் குசினியிலும் பல்கனியிலுமாக ஆறு படம் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு சீலை, வேறு சுவெட்டர். ஒரு படத்துக்கு நித்தியானந்தன் தொப்பி போட்டார். ஒன்றுக்குத் தாடி வழித்தார். மூன்று நாளுக்கு ஒன்றாகத் தம்பி அவற்றை அஜந்தினிக்கு அனுப்பினான். "அம்மா நல்லா இருக்கிறா, முகம் தெளிஞ்சிட்டுது" என்று அவள் பதில் போட்டாள். அப்போது விமலாதேவி யாழ்ப்பாணத்தில் மழைக்குள் நின்றாள்.

நல்ல ஐப்பசி மழை. கோயில் வீதியில் கணுக்காலளவு தண்ணீர். விழுகிற ஒவ்வொரு தரமும் முகம் சேற்றுத் தண்ணீரில் போய் வந்தது. மற்றப் பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். இவள் நிறுத்தவில்லை. முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. கோயில் கேணியில் கழுவினாள். அவ்வளவுதான். ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. திரும்பி வந்து இரண்டு மாதம் உற்சாகமாகத்தான் இருந்தாள். நேர்த்தி தீர்ந்து பாரம் இறங்கியிருந்தது.

தை முடிய, ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைப்பதாக நினைத்து மேசைக்கு வெளியே வைத்தாள்.

*

கார் தரிப்பிடத்தில் இருந்து நித்தியானந்தன் கந்தையாவுக்குப் போன் அடித்தார். கந்தையா பிராண்டேயில் பக்கத்துத் தெரு. கோயில் சபைக்காரர், அகதி வழக்குகளில் தன்னைவிடத் தெரிந்தவர் டென்மார்க்கில் இல்லை என்று நினைப்பவர். நித்தியானந்தனைவிட நாலு வயது மூப்பு. அவர்கள் ஊருக்குப் போனது இங்கே தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

"அண்ணை, டொக்டர் வெளிநாடு போனதோ எண்டு கேட்டது."

"சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"நல்லது. வாயைத் திறவாதை. உன்ரை அகதிப் பாஸ்போட்டிலை என்ன எழுதிக்கிடக்கு? ஸ்ரீலங்கா தவிர எண்டு எழுதிக்கிடக்கு. நீ என்னத்திலை போனனீ? ஸ்ரீலங்கா எம்பசியிலை எடுத்த மற்றதிலை. பயமெண்டு சொல்லி வந்த நாட்டுக்கு நீயே போனால் பயம் பொய்யெண்டு எழுதுவாங்கள். வதிவிடத்தைப் புடுங்குவாங்கள்."

"வந்து முப்பத்தெட்டு வருசமாச்சு அண்ணை."

"முப்பத்தெட்டெண்டால் என்ன? உந்தக் கொம்பியூட்டருகள் எல்லாம் ஒண்டோடை ஒண்டு கதைக்குது. ஆஸ்பத்திரியிலை சொன்னால் பின்னேரம் நகரசபைக்கு, கொமூனுக்குத் தெரியும். கொமூனுக்குத் தெரிஞ்சால் பொலிசுக்குத் தெரியும்."

"விமலாவுக்கு ஏலாது அண்ணை. வாய் கோணிப்போச்சு."

கந்தையா விடவில்லை. "அது ஊரிலை பிடிச்சதெண்டு ஆர் சொன்னது? ஊரிலை லட்சம் சனம் அந்தச் சேத்துக்குள்ளைதானே நிக்குது. ஆருக்கு வாய் கோணினது?"

அந்த நியாயம் நித்தியானந்தனுக்கு வேண்டியதாக இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் போனை வைத்தபின் காருக்குள் இருந்து யோசித்தால் பாஸ்போட் ஒரு சாட்டு என்று அவருக்கே தெரிந்தது. பாஸ்போட் போனால் போகட்டும். எழுபத்தொரு வயதில் எந்தப் பொலிசு தூக்கப் போகிறது? மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் முடியாது.

வேறு வழியையும் அவரே அடைத்திருந்தார். முதல் நாளே ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் திரையில் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். "வேண்டாம்," என்று கை விரித்தார். அந்தத் திரையில் வருகிறவர் அடுத்த தேருக்கு வந்து பக்கத்தில் நிற்பார்; விமலாதேவியின் மூத்திரக் கணக்குவரை அன்னதான வரிசையில் பேசப்படும். "என்ரை மகள் இருக்கிறாள். அவள் சொல்லுவாள்," என்று விட்டார். இப்போது டொக்டரிடம் போக இருக்கும் ஒரே வாசலில் மகள் நின்றாள்.

*

பதின்மூன்றாம் நாள் காலையில் மெட்டே இருவரையும் ஒரு சிறிய அறையில் இருத்தினார். மேசையில் தண்ணீர்ச் செம்பும் கண் துடைக்கிற ரிசுக் கடதாசிப் பெட்டியும் இருந்தன. நித்தியானந்தன் ரிசுப் பெட்டியைத்தான் முதலில் பார்த்தார். நல்ல செய்தி சொல்லும் அறையில் அது இருக்காது.

வளையங்கள் பெரிதாகிவிட்டன என்றார் மெட்டே. இடையில் நாலாவது ஒன்றும் வந்திருக்கிறது. மண்டையில் துளையிட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்க்கலாமென்றால் இருக்கிற இடம் மோசம். மூச்சையும் விழுங்குவதையும் நடத்துகிற இடம். ஊசி ஒரு மயிரிழை தப்பினால் ஆள் இல்லை.

"எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்கான மருந்தைக் கொடுக்கலாம். தெரியவில்லை. இனி அவவின் உடம்பே சண்டை பிடிக்க வேண்டும். நாளைக் காலை எட்டு மணியிலிருந்து கிட்னிக் குளிசைகளை நிறுத்த யோசிக்கிறோம்."

அஜந்தினி நிமிர்ந்து இருந்தாள். "நிறுத்தினால் கிட்னி?"

"பெரும்பாலும் போய்விடும்," என்றார் மெட்டே. "மன்னிக்க வேண்டும். முதலில் உயிர்."

அஜந்தினி தன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். வேண்டுமென்று வைக்கவில்லை, கை தானாகப் போனது. நித்தியானந்தன் அதைப் பார்த்தார். அந்த இடத்தில் இருக்கும் தழும்பை அவர் ஒரு தரம்தான் கண்டவர். ஒரு சாண் நீளம்.

"சரி," என்றாள் அவள். "நிறுத்துங்கள்." பிறகு தகப்பனுக்குத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தாள். முடியவில்லை. ரிசுவில் ஒன்றை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அறையில் அவரும் மெட்டேயும் மட்டும். இதுதான் நேரம் என்று அவருக்குப் பட்டது. மகள் இல்லாத நேரம். தொழிற்சாலை டேனிஷை வாய்க்குள் அடுக்கினார். கோழி, கத்தி, கழுவு, ஓய்வு, சுகமில்லை. அதற்குள் ஐப்பசி மழையும் நேர்த்தியும் எப்படி வரும்?

"மெட்டே," என்றார். "நான்... ஒன்று சொல்லவேணும். என் மனைவி. நவம்பர்."

மெட்டே உடனே கதிரையை இழுத்து முன்னால் வந்தார். "சொல்லுங்கள். ஆனால் நான் பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடாது. உங்கள் மகளைக் கூப்பிடட்டுமா? இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுக்கிறேன்."

"இல்லை, இல்லை," என்றார் நித்தியானந்தன். "பிறகு. பரவாயில்லை."

அந்தப் பெண் அவரை ஒரு நிமிசம் பார்த்தார். பார்வையில் கோபமில்லை, அவசரமும் இல்லை. "நான் நாலு மணிவரை இங்கே இருப்பேன்," என்றார்.

இவர்களின் மரியாதையும் ஒரு பொறிதான் என்று நினைத்துக்கொண்டு அவர் எழும்பினார். வழிநடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு எட்டு மணி. இன்றைக்குப் பத்தரை. சொல்லாவிட்டால் கிட்னி போகும். கிட்னி போயும் விமலா பிழைப்பாளோ தெரியாது. சொன்னால்? கந்தையா சொன்ன மாதிரி அது ஊரில் பிடித்ததாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது சும்மா சொல்லிக் கெட்டதாக முடியும். இருக்கலாம், இல்லாமலிருக்கலாம் என்று மத்தியானம்வரை அந்த வழிநடையை அளந்தார். ஒரு தாதி வந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். திரும்ப எழும்பினார்.

*

இரண்டு மணிக்கு மெட்டே நோயாளியைப் பார்க்க வந்தார். அஜந்தினி முகம் கழுவி வந்து கட்டிலின் ஒரு பக்கம் நின்றாள். மற்றப் பக்கம் நித்தியானந்தன். தினமும் கேட்கும் மூன்று கேள்விதான். உங்கள் பெயர் என்ன? இது என்ன மாதம்? இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

பெயர் சரியாக வந்தது. மாதம் வரவில்லை.

"அம்மா, இப்ப எங்கை இருக்கிறியள்?" என்று அஜந்தினி கேட்டாள்.

விமலாதேவியின் மூடாத கண் கூரையைப் பார்த்தது. நாக்குத் தடித்திருந்தது, ஆனால் சொல் விளங்கியது. "மேற்கு வீதி. இன்னும் வடக்கு வீதி கிடக்கு. மழை விடேல்லை. மூக்குக்குள்ளை சேத்துத் தண்ணி போயிட்டுது... இஞ்சருங்கோ, நிப்பாட்டச் சொல்லாதையுங்கோ. முடிச்சிடுவன்."

அஜந்தினி பெருமூச்சு விட்டாள். "இன்றைக்கு இன்னும் மோசம்," என்று மெட்டேயிடம் சொன்னாள். "இலங்கையில், ஒரு கோயிலில், மழையில் நிற்கிறதாக நினைக்கிறா. பிசத்துறா."

மெட்டே பேனையை எடுத்தார். அந்தப் பேனை கடதாசியைத் தொடுவதை நித்தியானந்தன் பார்த்தார். பொய் எழுதப்படப் போகிறது. அதுவும் விமலாதேவியின் பெயரில்.

"அவ பிசத்தேல்லை," என்றார்.

"என்ன?"

"அம்மா பிசத்தேல்லை. உள்ளதைத்தான் சொல்லுறா. அங்கை நிண்டவ."

அஜந்தினிக்கு விளங்கவில்லை. "எப்ப நிண்டவ? சின்ன வயசிலையோ?"

"நவம்பரிலை. பாரிசிலை ரெண்டு நாள்தான் நிண்டனாங்கள். பிறகு ஊருக்குப் போட்டம்."

"படம் அனுப்பினீங்கள்தானே. ஆறு படம்."

"எல்லாம் அந்த ரெண்டு நாளிலை எடுத்தது. சீலை மாத்தி மாத்தி."

அஜந்தினியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது, சிரிப்பில்லை. தகப்பனின் முகத்தை ஒரு தரம் முழுதாகப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. மெட்டேயின் பக்கம் திரும்பி டேனிஷில், பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னாள்.

"நவம்பரில் பத்தொன்பது நாள் அவர்கள் இலங்கையில் இருந்திருக்கிறார்கள். எனக்குப் பொய் சொன்னார்கள். நான் உங்களுக்குப் பிழையான தகவல் தந்துவிட்டேன்."

மெட்டே பேனையை வைத்தார். கதிரையை இழுத்து நித்தியானந்தனுக்கு நேர் முன்னால் இருந்தார். எந்த இடம்? மழைக் காலமா? வயல் வெளியா? தண்ணீர் எவ்வளவு உயரம்? காயம் இருந்ததா? முகம் தண்ணீருக்குள் போனதா? எத்தனை தரம்?

எத்தனை தரமா? நித்தியானந்தன் யோசித்தார். "நாலு வீதி. அடிக்கொரு தரம். முன்னூறுக்குக் குறையாது."

அதை அஜந்தினி டேனிஷில் சொன்னாள். முழங்கால் உரிந்ததைச் சொன்னார். கேணித் தண்ணீரில் கழுவியதைச் சொன்னார். இரண்டு தரம் புரையேறி இருமியதைச் சொன்னார். கேட்காததையும் சொன்னார். வாய் திறந்தபின் மூடத் தெரியவில்லை.

"ஏன்?" என்று கேட்டார் மெட்டே. குற்றம் பிடிக்கிற கேள்வி மாதிரி இல்லை. "இவ்வளவு பலவீனமான உடம்போடு ஏன் அப்படிச் செய்தா?"

"நேர்த்தி. பிள்ளை ஒப்பரேசனுக்குப் போகேக்கை வைச்சது."

"கிட்னி பொருந்தவேணுமெண்டோ?" என்று அஜந்தினி தானே இடையில் கேட்டாள். கசப்பாகக் கேட்டாள்.

"அதுக்கில்லை. உனக்கு மிச்சம் ஒண்டுதானே இருக்கு. அது கடைசிவரைக்கும் பழுதாகாமல் இருக்கவேணுமெண்டு. தனக்குத் தந்தது போனாலும் போகட்டும், உன்ரை போகக்கூடாதெண்டு."

மெட்டே காத்திருந்தார். அஜந்தினி மொழிபெயர்க்கவில்லை. தாயின் போர்வையின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். கடைசியில் மூன்றே சொல்லில் முடித்தாள். "எனக்காக, என்கிறார் அப்பா."

மெட்டே எழும்பினார். பதின்மூன்று நாளில் அந்தப் பெண் ஓடுவதை நித்தியானந்தன் அன்றுதான் கண்டார். வழிநடையில் போனைக் காதில் வைத்தபடி, வெள்ளைச் சப்பாத்து சத்தம் போட, ஓடினார்.

*

மூன்று மணிக்கு முன் மருந்துப் பைகள் மாறின. இரண்டு நாளில் வருத்தத்துக்குப் பெயர் வந்தது. மெலியோய்டோசிஸ். வெப்ப நாடுகளில் ஈர மண்ணிலும் மழை வெள்ளத்திலும் இருக்கிற கிருமியால் வருவதாம். சுகமான லட்சம் பேரைத் தொட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போகும். நீரிழிவுக்காரரையும் காவல்காரர் தூங்குகிறவர்களையும் கண்டால் விடாது. கந்தையாவின் நியாயத்தில் எங்கே ஓட்டை என்று அப்போது விளங்கியது.

மெட்டே இன்னொன்றும் சொன்னார். ஐந்தாம் நாள் எடுத்த இரத்தப் போத்தல் ஒன்றில் ஏதோ முளைத்திருந்தது. தண்ணீரில் இருக்கிற சாதாரணக் கிருமி எப்படியோ விழுந்துவிட்டது என்று ஆய்வுகூடத்தில் ஒதுக்கிவிட்டார்கள். நல்ல காலம், எறியவில்லை. "நாங்கள் இன்னும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்," என்றார். அரச வேலையில் இருக்கிற ஒருவர் தன் பிழையைத் தானே சொல்லி நித்தியானந்தன் இந்த முப்பத்தெட்டு வருசத்தில் கேட்டதில்லை. தலையாட்டினார். எந்தப் பாஸ்போட்டில் போனீர்கள் என்று மட்டும் யாருமே கேட்கவில்லை.

கிட்னிக் குளிசைகளை முற்றாக நிறுத்தவில்லை. பாதியாக்கினார்கள். அதனால் ஒவ்வொரு காலையும் ஒரு எண் வந்தது. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் எண். ஏறினால் கூடாது. நூற்றுப்பத்தில் இருந்தது நூற்றுநாற்பது ஆனது, நூற்றெழுபது ஆனது. அஜந்தினி அந்த எண்ணை டேனிஷில் வாசிப்பாள். அன்றிலிருந்து அவள் தகப்பனோடு தமிழ் பேசவில்லை. கேட்டால் டேனிஷில் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவுமில்லை.

ஒரு கிழமை கழித்து மெட்டே வந்து, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒன்றைச் சொன்னார். அந்தக் கிருமியை ஆய்வுகூடத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். தெரியாததால் இரண்டு பெண்கள் அதைச் சாதாரண மேசையில் திறந்து பார்த்திருக்கிறார்கள். இப்போது இருவரும் மூன்று கிழமைக்குக் குளிசை போடுகிறார்கள். நாளும் காய்ச்சல் பார்க்கிறார்கள்.

நித்தியானந்தன் மகளைப் பார்த்தார். விளங்கியிருந்தது, ஆனாலும் அவள் தமிழில் சொல்ல மாட்டாளா என்று பார்த்தார். சொல்லவில்லை.

"என்ன பெயர், அவர்களுக்கு?" என்று தானே டேனிஷில் கேட்டார்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை."

"பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"ஒருவருக்கு இருக்கிறார்கள்."

அதற்குப் பிறகு நித்தியானந்தன் காலையில் இரண்டு கேள்வி கேட்டார். எண் எவ்வளவு? அந்த இருவருக்கும் காய்ச்சலா? இரண்டாவதற்கு மெட்டே ஒவ்வொரு நாளும் இல்லை என்றுதான் சொன்னார். ஆனாலும் அடுத்த நாள் வரை அந்த இல்லை தாங்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை பிராண்டேக் கோயிலில் மத்தியானப் பூசைக்குச் சனம் இருபது பேர் இருக்கும். நித்தியானந்தன் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றார். முதலில் விமலாதேவியின் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். பிறகு மகளுடையது.

"இன்னும் ரெண்டு பேருக்குச் செய்யவேணும் ஐயா."

"பேர்?"

"தெரியாது."

"நட்சத்திரம்?"

"அதுகும் தெரியாது. ரெண்டும் வெள்ளைக்காரப் பிள்ளையள்."

ஐயர் கையில் பூவோடு நின்றார். பின்னால் நின்ற கந்தையா, சபைக்காரர் என்ற உரிமையோடு, "என்ன நித்தி, கோயிலிலை பகிடியோ?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நித்தியானந்தன் திரும்பினார். "பகிடி இல்லை அண்ணை. நாங்கள் களவா ஊருக்குப் போனனாங்கள். விமலா சேத்துக்குள்ளை அடியழிச்சவ. அந்தச் சேத்திலை இருந்த கிருமிதான் மூளைக்குப் போனது. டொக்டர் கேக்க நான் வாயை மூடிக்கொண்டிருந்தனான். என்ரை வாயாலை, அங்கை கிருமி பாக்கிற ரெண்டு பிள்ளையள் இப்ப மருந்து குடிக்குதுகள். விளங்கினதோ? இஞ்சை கிட்னிக் குளிசை, மூட்டுவாதக் குளிசை, புற்றுநோய் மருந்து எடுக்கிற ஆக்கள் ஆரும் களவாப் போயிருந்தால் போய்ச் சொல்லுங்கோ. என்னை மாதிரி விசர்வேலை பாக்காதையுங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது. கந்தையா கிட்ட வந்து, "பாஸ்போட்?" என்றார், உதடு மட்டும் அசைய.

"ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. கேட்டால் குடுப்பன்."

ஐயர் தொண்டையைச் செருமினார். "கிருமி பார்க்கிற பிள்ளைகள் இருவர் என்று சொல்கிறேன். அம்மனுக்கு ஆளைத் தெரியும்," என்று மந்திரத்தைத் தொடங்கினார்.

பாதியில் நித்தியானந்தனின் போன் அடித்தது. மகள். கோயிலுக்குள் போன் எடுக்கக்கூடாது. எடுத்தார்.

"அப்பா," என்றாள் அஜந்தினி. பிறகு தமிழில், "எண் வந்திட்டுது. இறங்கேல்லை. ஆனால் ஏறவும் இல்லை. ரெண்டு நாளா நூற்றெழுபத்தாறிலையே நிக்குது. மெட்டே சொல்லுறா, இப்பிடியே நிண்டால் கிட்னி தப்புமாம். நிண்டால்தான்."

"அம்மா?"

"மாதம் சரியாச் சொன்னவ. உங்களைக் கேக்கிறா. எங்கை நிக்கிறியள்?"

நித்தியானந்தன் வாயைத் திறந்தார். பழக்கத்தில், கடைக்கு வந்தனான் என்று வரப் பார்த்தது.

"கோயிலிலை," என்றார். "சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டன் பிள்ளை. எல்லாத்தையும்."

மறுபக்கத்தில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சரி, வாங்கோ," என்றாள். "ரோட்டு வழுக்குது. மெதுவாக் கார் ஓடுங்கோ."